நகர அபிவிருத்தித் திட்டம் என்றால் என்ன? வவுனியா போன்ற ஊருக்கு அது எதற்கு?

இருபது வருடத்தில் ஊர் எந்தப் பக்கம் வளரும் என்று கணித்து, தெருவும் வாய்க்காலும் குழாயும் போகும் இடத்தை இன்றே ஒதுக்கி வைப்பதுதான் அது. வெறுங்காணியில் கோடு கீறச் செலவில்லை. வீடு எழும்பிய பிறகென்றால் நட்டஈடு கொடுத்து மதில் இடிக்க வேண்டும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி பார்த்துவிட்டுத்தானே அத்திவாரம் வெட்டுகிறோம்? அதே கணக்கு.

வவுனியா இருக்கும் வன்னியில் முதலில் பார்க்க வேண்டியது குளம், தெருவல்ல. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு ஓடும். நடுவில் கிடக்கும் வாய்க்காலை 'சும்மா கிடக்கிற பள்ளம்' என்று கிரவல் கொட்டி நிரப்பினால், மார்கழி மழைக்கு அந்தத் தண்ணீர் குசினிக்குள்ளால்தான் போகும்.

திட்டத்தில் கோடு விழுந்தாலே காணி பறிபோய்விடும் என்பது தவறு: அரசு காணியை எடுக்கும் சுவீகரிப்பு 1950ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி நடப்பது; கோடு குறுக்கே வருவது கட்டட அனுமதி கேட்கும்போதுதான்.