‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல் ஒருகாலத்தில் திட்டும் சொல்லாக இருந்ததா? எப்படி மாறியது?

ஆமாம், இருந்தது. ‘அறியாத’ என்று பொருள்படும் ‘நெஸ்கியஸ்’ என்ற லத்தீன் சொல்தான் இதன் வேர். ‘ஸ்கைரே’ என்றால் அறிதல். முன்னால் உள்ள ‘நெ’ அதை மறுக்கிறது. ‘சயின்ஸ்’ பிறந்ததும் அதே ‘ஸ்கைரே’யிலிருந்துதான் என்பது எனக்கு இன்றும் வியப்பு!

பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்றால் முட்டாள். பிறகு கூச்சமுள்ளவர், எதிலும் நொட்டை சொல்பவர், நுணுக்கமானது என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் ‘இனிமையானது’ ஆனது. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் நுட்பமான வேறுபாடு. அந்த நடுக்காலப் பொருள் இதில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஏன் மாறியது? யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஒருவர் உடையை ‘நைஸ்’ என்றால் அது அளவுக்கு மீறிய பகட்டா, நேர்த்தியா என்று கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும். அப்படி ஊகித்த பொருளே மெல்ல நிலைத்துவிடும்.

நம் ‘நாற்றம்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. பழைய பாடல்களில் பூ நாறும், அதாவது மணக்கும். இன்று குப்பைதான் நாறும்.

மூலப்பொருள்தான் ‘உண்மையான’ பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, இன்று உங்களை ‘நைஸ்’ என்பவர் பாராட்டத்தான் செய்கிறார்.