கணக்குப் பொருந்தினால் உறை இருக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பரப்பின் மேல் மற்றொரு பரப்பு பல தாள்களாகப் படிந்து, கிளைப்புள்ளிகள் எனும் சில இடங்களின் மேல் மட்டும் அத்தாள்கள் ஒன்றிணைவதே கிளைத்த உறை. அத்தகைய உறைகளைப் பற்றிய கட்டுரையில், மேலும் கீழும் உள்ள பரப்புகளின் ஆய்லர் எண்களைத் தாள்களின் எண்ணிக்கையோடும் இணைவுகளோடும் தொடர்புபடுத்தும் ரீமான்-ஹுர்விட்ஸ் சூத்திரத்தை விளக்கியிருந்தீர்கள். தாள்கள் எத்தனை, ஒவ்வொரு கிளைப்புள்ளிக்கு மேலும் அவை எவ்வாறு இணைய வேண்டும் என்பவற்றை நாமே முன்கூட்டி வகுத்துக்கொண்டு, எண்களும் சூத்திரத்துக்குப் பொருந்திவிட்டால், அத்தகைய உறை இருந்தே தீருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. நான்கு தாள்களிலேயே தடை எழுகிறது.

கோளத்தின் மீது மூன்று கிளைப்புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டின் மேலும் தாள்கள் இரண்டிரண்டாக இணையட்டும். மூன்றாவதன் மேல் மூன்று தாள்கள் ஒன்றாக இணைய, ஒன்று மட்டும் தனித்திருக்கட்டும். ஒவ்வொரு கிளைப்புள்ளியின் மேலும் நான்கு புள்ளிகளுக்குப் பதில் இரண்டே இருப்பதால், மேலுள்ள பரப்பின் ஆய்லர் எண் (பரப்பை முக்கோணங்களாகப் பிரித்தால், உச்சிகள் − விளிம்புகள் + முகங்கள்; கோளத்துக்கு 2) 4×2−6, அதாவது 2 ஆகிறது. அது கோளத்துக்குரிய எண். சூத்திரத்தின் பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் அப்படியோர் உறை கிடையாது.

காரணம் அழகானது. கிளைப்புள்ளிகளுக்கு விலகிய ஓரிடத்தில் புறப்பட்டு, ஒரு கிளைப்புள்ளியைச் சுற்றிவிட்டுத் திரும்பினால், அவ்விடத்துக்கு மேலுள்ள நான்கு தாள்களும் தமக்குள் இடம் மாறியிருக்கும். மூன்றையும் ஒருசேரச் சுற்றும் பாதையைக் கோளத்தின் மறுபுறத்தில் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம் என்பதால், மூன்று இடமாற்றங்களையும் அடுத்தடுத்துச் செய்தால் எத்தாளும் தன் பழைய இடத்துக்கே வந்தாக வேண்டும். நான்கு தாள்களை இரண்டு இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்குள்ளும் இடம் மாற்றும் வழிகள் மூன்றே. அவற்றில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் மூன்றாவது வழி கிடைக்கும், அல்லது ஒரே வழியை இருமுறை செய்திருந்தால் மாற்றமே இராது. மூன்று தாள்கள் சுழலும் இடமாற்றம் அங்கிருந்து ஒருபோதும் பிறக்காது.

உறைகளைப் பற்றிய கேள்வியை இவ்வாறு வரிசைமாற்றங்களின், அதாவது இத்தகைய இடமாற்றங்களின், கேள்வியாக்கியவர் கணிதவியலாளர் ஹுர்விட்ஸ் (1891). எதிர்த்திசையிலும் இது செல்லும்: தாள்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்துகிற, அடுத்தடுத்துச் செய்தால் மாற்றமின்றி முடிகிற வரிசைமாற்றங்கள் கிடைத்துவிட்டால், கோளத்தை வெட்டி ஒட்டி உறையைக் கட்டிவிடலாம்.

அடிப்பரப்பு டோரஸாகவோ (நடுவில் ஒரு துளையுள்ள வளையத்தின் மேற்பரப்பு) அதைவிடத் துளை மிகுந்த, திசைப்படுத்தத்தக்க (உள், வெளி என இரு பக்கங்கள் உடைய) பரப்பாகவோ இருந்தால் இத்தடை எழுவதில்லை. சூத்திரம் பொருந்தினாலே போதும். கோளம்தான் தொல்லை தருகிறது. எட்மண்ட்ஸ், குல்கர்னி, ஸ்டாங் ஆகிய மூவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாள்களின் எண்ணிக்கை பகுஎண்ணாக இருந்தால், அது எதுவாயினும், இத்தகைய விதிவிலக்கு ஒன்றேனும் உண்டு. பகா எண்ணாக இருந்தால் விதிவிலக்கே கிடையாது என்பது அவர்களின் ஊகம். அது பொதுவாக இன்னும் நிறுவப்படவில்லை.