அமெரிக்காவில் லாரி ஓட்ட கண்ணும் காதும் எப்படி இருக்க வேண்டும்?

மாநிலம் விட்டு மாநிலம் லாரி ஓட்டுபவர்களுக்கு அங்கே மருத்துவச் சோதனை கட்டாயம். கண்ணுக்கு அளவு 20/40. அதாவது, நல்ல பார்வை உள்ளவர் 40 அடியிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 20 அடியிலிருந்தாவது படிக்க வேண்டும், ஒவ்வொரு கண்ணாலும். சிக்னல் நிறங்களும் தெரிய வேண்டும். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்களுக்கு 2022 முதல் தனி விதி உண்டு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை இறக்கத்தில் சட்டென்று நிறுத்திப் பாருங்கள், தெரியும். 36 டன் லாரியும் அப்படித்தான். தூரத்திலேயே பார்த்தால்தான் உண்டு.

காதுச் சோதனை கொஞ்சம் வேடிக்கை. டாக்டர் 5 அடி தள்ளி நின்று கிசுகிசுப்பார். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு காதில் கேட்டாலே போதும்.

கண்ணாடியோ காது மிஷினோ போட்டால் ஃபெயில் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, போட்டுக்கொண்டே தேறலாம்; ஆனால் ஓட்டும்போதும் கழற்றக் கூடாது.