"கடவுள் என்கிட்ட பேசினதே இல்ல மிஸ்": ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில கணக்கு டீச்சர், ஒன்பதாம் வகுப்புக்கு மறைக்கல்வியும், அதாவது கிறிஸ்தவ சமயப் பாடமும், எடுக்குறேன். நல்லாயன் ஞாயிறை ஒட்டி இறையழைத்தல் (கடவுள் நம்மள எந்த வாழ்க்கைக்குக் கூப்பிடறார்ங்கறது), சீடத்துவம் பத்தி மூணு வகுப்பு எடுக்கச் சொன்னாங்க. முதல் வகுப்புல "கடவுள் என்னை எதற்கு அழைக்கிறார்?"னு போர்டுல எழுதினேன், எழுதி முடிக்கறதுக்குள்ள கடைசி பெஞ்சுல இருந்து "சாமியாராப் போகச் சொல்றாங்கடா"ன்னு ஒரு குரல், கிளாஸே சிரிச்சிடுச்சு. பேசத்தான் கூச்சமா இருக்கும்னு ஆளுக்கொரு பேப்பர் குடுத்து பேர் போடாம எழுதச் சொன்னேன். நிறைய பேர் டாக்டர், இன்ஜினியர்னு எழுதியிருந்தாங்க. ஒரு பேப்பர்ல மட்டும் "கடவுள் என்கிட்ட பேசினதே இல்ல மிஸ், அப்போ நான் அவருக்குத் தேவையில்லையா?"ன்னு இருந்துச்சு. யார் எழுதினதுன்னு தெரியல, ரெண்டு நாளா அது மனசை விட்டுப் போகல.

இன்னும் ரெண்டு வகுப்பு பாக்கி. கிறிஸ்தவங்க இல்லாத பிள்ளைங்களும் அதே வகுப்புல இருக்காங்க. "உங்க வகுப்புல இருந்து யாராவது சாமியாராகவோ சிஸ்டராகவோ ஆக குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போவாங்களா"ன்னு மேல இருக்கறவங்க வேற கேக்குறாங்க. நான் கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை பெத்தவ, எனக்கு அழைத்தல்னு ஒண்ணு இருக்கான்னே தெரியாதப்போ அதை எப்படிக்கா சொல்லித் தர்றது?

(பெயர் வேண்டாமே, ப்ளீஸ்.)

---

அன்புள்ள டீச்சர்,

மொதல்ல அந்தப் பேப்பரை பத்திரமா வச்சுக்கோங்க, கிழிச்சுப் போட்டுடாதீங்க. அந்த வகுப்புல உங்க கேள்வியை முழுசா உள்ள வாங்கிக்கிட்டு பதில் எழுதினது அந்தப் பிள்ளை தான்னு எனக்குத் தோணுது.

அந்தக் கடைசி பெஞ்சு பையன் மேல கோவப்படாதீங்க, அவன் சொன்னது நாம சொல்லிக் குடுத்தது தான். கோயில்ல, வீட்டுல எல்லாம் "அவனுக்கு தேவ அழைத்தல் இருக்கு"ன்னா அவன் சாமியாராகப் போறான்னு தான் அர்த்தம், கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களைப் பார்த்து யாரும் அப்படி சொல்றதில்ல. ஆனா 1964-ல இரண்டாம் வத்திக்கான் சங்கம், உலக ஆயர்கள் எல்லாம் கூடின பெரிய கூட்டம், திருச்சபையைப் பத்தின கொள்கைத் திரட்டுல ஒரு முழு அதிகாரத்தையே, அஞ்சாவது அதிகாரம், இதுக்குன்னு ஒதுக்கிச்சு, ஞானஸ்நானம் வாங்கின ஒவ்வொருத்தரும் புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டவங்க, எந்த நிலையில இருந்தாலும் சரி, எந்த வேலை பார்த்தாலும் சரின்னு. அதே 1964-ல தான் திருத்தந்தை ஆறாம் பவுல் இறையழைத்தலுக்காக ஜெபிக்கிற உலக நாளையும் தொடங்கி வச்சார், நீங்க சொன்ன நல்லாயன் ஞாயிறு அது தான். இந்த ரெண்டுல அந்த ஞாயிறை மட்டும் நாம கெட்டியா பிடிச்சுக்கிட்டோம், அந்த அதிகாரத்தைப் பிள்ளைங்க கிட்ட கொண்டு போய் சேர்க்கவே இல்லங்கறது என்னோட ரொம்ப நாள் வருத்தம். அதனால உங்க கடைசி கேள்விக்கு என் பதில், உங்களுக்கு அழைத்தல் இருக்கு டீச்சர், நீங்க அதுக்குள்ள தான் இருக்கீங்க, அந்த ரெண்டு பிள்ளைங்களோடயும் அந்த கணக்கு வகுப்போடயும் சேர்த்து.

இப்போ என் கதை ஒண்ணு சொல்றேன், சொல்லாம மேற்கொண்டு எழுத எனக்கு உரிமை இல்ல. நானும் ஒரு காலத்துல மறைக்கல்வி எடுத்தேன். ஒரு பையன், பீடத்துல பூசை உதவி செய்வான், வாசகம் வாசிச்சா கோயிலே அமைதியாகிடும், அவ்வளவு பக்தி. ஒரு நாள் வகுப்புல எல்லார் முன்னாடியும் "நீ ஃபாதராகத் தான் போவ, பாரு"ன்னு சொல்லிட்டேன், ரொம்ப பாசமா தான் சொன்னேன். அன்னைலேர்ந்து அவனுக்கு பேரே ஃபாதர்னு ஆயிடுச்சு, கிரவுண்டுல கூட "ஃபாதர், பந்தைப் போடுங்க"ன்னு தான் கூப்பிடுவாங்க. அவன் குருமடத்துக்குப் போனான், ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துட்டான், வந்தவன் கோயில் பக்கமே வரல. ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல பார்த்தப்போ அவனே வந்து பேசினான், கையில குழந்தையை வச்சுக்கிட்டு. "நான் ஆண்டவரை விட்டு வரல டீச்சர், நீங்க வச்ச பேரை விட்டுத் தான் வந்தேன், ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு அப்போ நெனச்சுட்டேன்"னு சொன்னான். அந்தக் குழந்தை அவன் சட்டை பட்டனைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சு, நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன், என்ன சொல்றதுன்னு தெரியாம.

அதுக்கப்புறம் தான் பைபிள்ல வர்ற சாமுவேல் கதையை, 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரம், நான் ஒழுங்கா படிச்சேன். அது வரைக்கும் அதை சாமுவேலோட கதையா மட்டும் தான் சொல்லிக் குடுத்திருக்கேன், நல்ல பிள்ளை, கூப்பிட்டதும் எழுந்தான், நீங்களும் எழுங்கன்னு. அதுல ஏலின்னு ஒரு வயசான குரு இருக்கார் பாருங்க, அவர் தான் நம்மள மாதிரி ஆளு. கண்ணு மங்கிப் போச்சு, வீட்டுல பிள்ளைங்க சரியில்ல. ராத்திரி அந்தப் பையன் மூணு தடவை எழுந்து இவர் கிட்ட ஓடி வர்றான், கூப்பிட்டீங்களான்னு. முதல் ரெண்டு தடவை இவருக்கே புரியல, நான் கூப்பிடல, போய் படுன்னு அனுப்பிடறார். மூணாவது தடவை தான் கூப்பிடறது யாருன்னு அவருக்கு பிடிபடுது. அப்போ அவர் என்ன செய்யறார்? கடவுள் உன்னை இன்னதுக்குத் தான் கூப்பிடறார்னு சொல்லல, நீ தீர்க்கதரிசி ஆகப்போறேன்னு தட்டிக் குடுக்கல, நானும் கூட வர்றேன்னு சொல்லல. திரும்பிப் போய் படு, மறுபடி கூப்பிட்டா "பேசும் ஆண்டவரே, உம் அடியேன் கேட்கிறேன்"னு சொல்லுன்னு மட்டும் சொல்லி அனுப்பறார். பதிலை அவர் தொடவே இல்ல, எப்படி காது குடுக்கறதுன்னு மட்டும் சொல்லித் தந்தார்.

காலையில நடந்தது இன்னும் பெருசு. கடவுள் அந்தப் பையன்கிட்ட சொன்ன முதல் செய்தியே ஏலியோட குடும்பத்துக்கு வரப்போற தண்டனை. பையன் சொல்லவே பயப்படறான், மறைக்காம சொல்லுன்னு ஏலியே கேட்டு வாங்கறார், கேட்டுட்டு அவர் ஆண்டவர், அவருக்கு நல்லதுன்னு பட்டதைச் செய்யட்டும்னு ஏத்துக்கறார். பிள்ளைங்களுக்குக் கேக்கக் கத்துக் குடுத்தா, அவங்க கேட்டுக்கிட்டு வர்ற பதில் நமக்குப் பிடிச்சதா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, அதுக்கும் தயாரா இருக்கறவங்க தான் இந்தப் பாடத்தை எடுக்க முடியும். நான் தயாரா இல்ல அப்போ. பதிலை கையில வச்சுக்கிட்டு கேள்வி கேட்டேன்.

மேல இருக்கறவங்க எத்தனை பேர் போவாங்கன்னு கேக்கறதுக்கு தயங்காம சொல்லுங்க, திருச்சபைச் சட்டமே இதுல தெளிவா இருக்கு. வாழ்க்கை நிலையைத் தேர்ந்தெடுக்கறதுல எந்த வற்புறுத்தலும் இல்லாம இருக்கறது கிறிஸ்தவங்க எல்லாருக்கும் உள்ள உரிமைன்னு 219-ஆவது சட்டம் சொல்லுது. 17 வயசு முடியாதவங்களை நவதுறவகத்துல, அதாவது துறவறத்துக்கான ஆரம்பப் பயிற்சியில, சேர்த்தா அது செல்லவே செல்லாது, குருப்பட்டத்துக்கு 25 வயசு முடிஞ்சிருக்கணும். திருச்சபையே இவ்வளவு பொறுமையா காத்திருக்கும்போது பதினாலு வயசுப் பிள்ளை கிட்ட நாம என்னத்துக்கு அவசரப்படணும்? அதுக்காக குருத்துவம், துறவறம் பத்தி பேசாமலே விட்டுடாதீங்க, அது இன்னொரு தப்பு. எந்தப் பெரியவங்களும் அதை ஒரு நல்ல வாழ்க்கையா எடுத்துச் சொல்லாததாலயே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத பிள்ளைங்க இருக்காங்க. ஒரு சிஸ்டரையோ ஃபாதரையோ வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்க, பிரசங்கம் வேண்டாம், பிள்ளைங்க கேக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும், தனிமையா இருக்குமா, வருத்தப்பட்டிருக்கீங்களா, இதையெல்லாம் கேக்க விடுங்க. அதே வரிசையில ஒரு நர்ஸையும், மாற்றுத்திறனாளி பிள்ளையை வளர்க்கற ஒரு அப்பாவையும் உக்கார வைங்க, தனி நாள்ல வேண்டாம், அதே நாள், அதே மேசை.

பிரான்ஸ் நாட்டுத் தம்பதி லூயி மார்ட்டின், செலி கதை சொல்லுங்க, பிள்ளைங்க கண்ணு விரியும். லூயி துறவியாகணும்னு ஆல்ப்ஸ் மலையில ஒரு மடத்துக்குப் போறார், லத்தீன் தெரியாதுன்னு திருப்பி அனுப்பிடறாங்க. செலி கன்னியராகணும்னு போய் கேக்கறாங்க, அங்கயும் சேர்த்துக்கல. அவர் கடிகாரம் செய்யறவரா ஆகறார், இந்தம்மா லேஸ் பின்னற தொழில் நடத்தறாங்க, ரெண்டு பேருக்கும் 1858-ல கல்யாணம், ஒன்பது பிள்ளைங்க, அதுல நாலு சின்ன வயசுலயே இறந்துடுச்சு. மிச்சம் அஞ்சு பொண்ணுங்கள்ல கடைசிப் பொண்ணு தான் நம்ம புனித குழந்தை இயேசுவின் தெரேசா. 2015-ல லூயி, செலி ரெண்டு பேரையும் ஒண்ணா புனிதர்களா அறிவிச்சாங்க, கணவன் மனைவியா சேர்ந்து புனிதர் பட்டம் வாங்கின முதல் ஜோடி இவங்க தான். அஞ்சு பொண்ணுங்களும் கன்னியரானாங்கங்கறதை மட்டும் பெருசா சொல்லிடாதீங்க, அதனால தான் அவங்க புனிதர்னு பிள்ளைங்க எடுத்துக்கும். கதவு அடைச்ச இடத்துல கடவுள் அவங்களை விட்டுட்டுப் போயிடல, அந்த இடத்துல நின்னு நிதானமா சொல்லுங்க.

நற்செய்தியிலயும் இதே மாதிரி ஒருத்தன் இருக்கான், மாற்கு 5. கெரசேனர் பகுதியில பேய் பிடிச்சு கல்லறைகள்ல கிடந்தவன், குணமானதும் படகேறப் போற இயேசு கிட்ட நானும் உங்களோட வர்றேன்னு கெஞ்சறான். இயேசு வேண்டாம்னுட்டார், வீட்டுக்குப் போ, உன் ஜனங்க கிட்ட ஆண்டவர் உனக்கு செஞ்சதைச் சொல்லுன்னு அனுப்பறார். வலையை விட்டுட்டு வாங்கன்னு சிலரைக் கூப்பிட்ட அதே இயேசு தான் இவனை வீட்டுக்கு அனுப்பறார். படகுல ஏறினதும் அழைத்தல், ஏறாம திரும்பிப் போனதும் அழைத்தல்.

சீடத்துவத்துக்கு நான் மாற்கு 3:14-லேர்ந்து தான் தொடங்குவேன். பன்னிரண்டு பேரை நியமிச்சது எதுக்குன்னா, முதல்ல தன்னோட இருக்கறதுக்கு, அப்புறம் தான் அனுப்பறதுக்கு. நாம இந்த முதல் பாதியைத் தாண்டிட்டு நேரா என்ன சேவை செய்வீங்கன்னு லிஸ்ட் போடச் சொல்லிடறோம். சீடர்னு நாம சொல்ற கிரேக்க வார்த்தைக்கு கத்துக்கறவர், மாணவர்னு தான் அர்த்தம், இதை வகுப்புல சொல்லிப் பாருங்க, அவங்க ஏற்கனவே செய்யற வேலை தானே. அதுவும் அந்த மாணவங்க ரொம்ப சுமார், இன்னுமா உங்களுக்குப் புரியலன்னு இயேசுவே கேக்கற அளவுக்கு, கடைசி ராத்திரியில இயேசுவையே தெரியாதுன்னு சொன்னவர் தான் பேதுரு. மார்க் குறைவா வாங்கற பிள்ளைக்கு இதுல எவ்வளவு ஆறுதல் இருக்குன்னு கணக்கு டீச்சரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்த வகுப்புக்கு உங்க போர்டுல அந்தப் பெரிய கேள்வியை அழிச்சுட்டு, யோவான் நற்செய்தியில இயேசு பேசற முதல் வார்த்தையை எழுதுங்க, "என்ன தேடுகிறீர்கள்?" பின்னாடியே வந்த ரெண்டு சீடர்கிட்ட தான் அதைக் கேட்டார், அவங்களுக்கும் கூட சரியா பதில் தெரியல, நீங்க எங்க தங்கியிருக்கீங்கன்னு வேற எதையோ கேட்டாங்க, வந்து பாருங்கன்னார், அன்னைக்கு அவரோட தங்கினாங்க, அவ்வளவு தான் நடந்துச்சு. இந்தக் கேள்வியில கிறிஸ்தவங்க இல்லாத பிள்ளைங்களும் கூச்சமில்லாம உக்கார முடியும். நம்ம விசுவாசத்தை மறைக்க வேண்டாம், "இயேசு கூப்பிடறார்னு நாங்க நம்பறோம்"னு நேர்மையா சொல்லுங்க, அவங்க வாயில அதை வைக்காதீங்க.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு. இயேசு சபையைத் தொடங்கின புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் கதையோட குடுங்க: 1521-ல பாம்ப்லோனா சண்டையில பீரங்கிக் குண்டு பட்டு கால் உடைஞ்சு படுத்த படுக்கையா கிடந்தார், படிக்க வீரக் கதை கேட்டா வீட்டுல இருந்தது கிறிஸ்துவோட வாழ்க்கையும் புனிதர்கள் வரலாறும் தான். வீர சாகசத்தை நெனச்சா நெனைக்கும்போது இனிக்குது, அப்புறம் மனசு வறண்டுடுது, புனிதர்களை மாதிரி வாழறதை நெனச்சா முடிஞ்சப்புறமும் சந்தோஷம் நிக்குது, இந்த வித்தியாசத்தைக் கவனிச்சதுல தான் அவர் பாதையே மாறிச்சு. பிள்ளைங்க ஒரு வாரம் தினமும் ராத்திரி ரெண்டு வரி எழுதட்டும், இன்னைக்கு எது முடிஞ்சப்புறமும் மனசுல நின்னுச்சு, எது சப்புன்னு போயிடுச்சு. நோட்டை நீங்க வாங்கிப் பார்க்கக் கூடாது டீச்சர், பார்க்க மாட்டேன்னு முதல்லயே சொல்லிடுங்க. நீங்களும் ஒண்ணு எழுதுங்க.

அந்தப் பேப்பர் எழுதின பிள்ளை யாருன்னு தேடாதீங்க. வகுப்புல சாமுவேல் கதையை வாசிக்கும்போது ஏழாவது வசனத்துல மட்டும் நிறுத்துங்க: சாமுவேல் அதுவரைக்கும் ஆண்டவரை அறியல, ஆண்டவரோட வார்த்தை அவனுக்கு இன்னும் வெளிப்படல. கோயில்லயே படுத்துத் தூங்கற பிள்ளை அவன், அவனுக்கே அப்படின்னா. அந்த ராத்திரி அவனுக்குக் கேட்டது கூட ஏலியோட குரல் மாதிரி தான் இருந்திருக்கு, அதனால தானே மூணு தடவையும் இவர் கிட்ட ஓடினான். கடவுள் உன்கிட்ட பேசலன்னு எனக்குத் தோணல, நீ யாரோ கூப்பிட்டாங்கன்னு நெனச்சு ஓடினதுல எத்தனை தடவை அவர் குரல் இருந்துச்சோ, இப்படி அந்தக் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க, யார் முகத்தையும் குறிப்பா பார்க்காம.

ரெண்டு வகுப்பும் முடிஞ்சதும் எனக்கு எழுதுங்க டீச்சர், நான் ஜெபத்துல வச்சுக்கறேன்.