சாயவேரும் அழுத்தக் கரைப்பானும்: கேள்வி பதில்

இராமேசுவரம் தீவின் மணலில் வளரும் இம்பூரலின் வேர்தான் சாயவேர். மூடிய கலத்தில் எத்தனால் என்னும் ஆல்கஹாலுக்கு அழுத்தமும் சூடும் கொடுத்து, உலர்ந்த வேரிலிருந்து அதன் சிவப்பைக் கரைத்துப் பிரிப்பது பற்றி நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாம்பன் வாசகர்: எத்தனாலில் ஊறப்போட்டாலே நிறம் இறங்குகிறது. அழுத்தம் எதற்கு?

அழுத்தம் வேரைப் பிழிகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது சூடு. எத்தனால் 78 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். மூடிய கலத்தில் சுமார் 100 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தம் கொடுத்தால் 120 டிகிரியிலும் அது திரவமாகவே நிற்கும். அந்தச் சூட்டில் கரைப்பான் இளகி, வேரின் நுண்துளைகளுக்குள் புகும். வேருக்குச் சிவப்பைத் தரும் அலிசரின் போன்ற ஆந்த்ராகுவினோன் வகைச் சாயப்பொருள்களும் கூடுதலாகக் கரையும். கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பொடிமேல் வடியவிடும் சாக்ஸ்லெட் கண்ணாடிக் கருவியில் பல மணி நேரம் பிடிக்கும் வேலை அரை மணிக்குள் முடிகிறது.

மண்டபத்திலிருந்து ஒரு சகோதரி: வேரை அப்படியே போடலாமா?

வேண்டாம் அம்மா. மணலும் உப்பும் போக அலசி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் எத்தனாலில் தண்ணீர் கலந்து கணக்கே மாறிவிடும். சாயம் வேர்ப்பட்டையில்தான் இருக்கிறது. அதைக் கொரகொரப்பாகப் பொடித்தால் போதும். மாவாக அரைத்தால் கலத்துக்குள் இறுகிவிடும், கரைப்பான் கிடைத்த சந்து வழியே ஓடும், மீதிப் பொடி நனையாது. இறுகாமலிருக்கச் சுத்தமான ஆய்வக மணலையோ டயட்டமேசியஸ் மண்ணையோ (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மென்மையான மண்) கலப்பார்கள். தயவுசெய்து கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள சிப்பித்தூளின் சுண்ணாம்பு அலிசரினைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கீழக்கரை வாசகர்: 200 டிகிரிக்கு ஏற்றினால் இன்னும் அதிகம் வருமா?

நிறம் கறுக்கும். வேண்டாதவையும் சேர்ந்து வரும், சில பொருள்கள் சிதையும். 80 டிகிரியில் தொடங்கி இருபது இருபதாக ஏற்றிப் பாருங்கள். சாயத்தின் அளவு எங்கே கூடாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் வைத்து வடித்து, புதுக் கரைப்பான் விட்டு இரண்டு மூன்று சுற்று எடுப்பது ஒரே நீண்ட ஊறலைவிட மேல்.

ஏர்வாடி வாசகர்: எத்தனாலுக்குப் பதில், அழுத்தம் கொடுத்த கார்பன் டை ஆக்சைடு கரைப்பானாகப் பயன்படுமா?

வெட்டிவேர் எண்ணெய்க்கு நன்றாகப் பயன்படும். சாயவேருக்கு அது மட்டும் போதாது, எத்தனாலும் சேர்க்க வேண்டும்.

தொண்டியிலிருந்து ஒரு மாணவர்: வீட்டுக் குக்கரில் முயலலாமா?

கூடவே கூடாது தம்பி. சமையல் குக்கர் தாங்குவது ஏறத்தாழ ஒரு பார் கூடுதல் அழுத்தம்தான். அதன் வால்வு வழியே வெளியேறும் எத்தனால் ஆவி அடுப்புத் தீயில் குப்பென்று பற்றிக்கொள்ளும். வீட்டில் நிறத்தைப் பார்க்க ஆசையென்றால், படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியை வேர்ப்பொடி கலந்த தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் மெல்லச் சூடாக்குங்கள். சிவப்பு துணியிலேயே ஏறிவிடும்.