பதில்: இரவில் காது இரைகிறது, விலை கூடிய இயர்போன் வாங்கலாமா?

வணக்கம் தம்பி. கோலாலம்பூரில் வங்சா மாஜூவிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு எல்ஆர்டி ரயிலில் போக வர தினமும் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பதாகவும், படுக்கும்போது காதில் ‘கொய்ங்’ என்று இரைவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

விலையில் இல்லை விஷயம், வால்யூமில்தான் இருக்கிறது. ரயில் அம்பாங் பார்க் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் இரைச்சல் ஏறும், கை தானாக வால்யூமைக் கூட்டும். பாசார் செனி நிலையத்தில் வெளிச்சத்துக்கு வந்த பிறகு குறைக்க நினைவு வராது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினாலே நேரம் பாதியாகிவிடும். 89 டெசிபலுக்கு ஐந்தே மணி நேரம்தான். உங்கள் பயணமே அவ்வளவு வருகிறதே!

முதலில், இயர்போனோடு வந்த ரப்பர் முனைகளை மாற்றிப் பாருங்கள். என் வலது காதுக்கு நடு அளவு, இடதுக்குச் சிறியது. கச்சிதமாக அடைத்தால் வெளிச்சத்தம் குறையும், பாட்டின் கனத்த அடித்தொனியும் (பாஸ்) நன்றாகக் கேட்கும், பாதி வால்யூமே போதும். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் இரைச்சல் நீக்கும் வசதி உள்ளதாக வாங்குங்கள். ரயிலின் உறுமலை அது நன்றாகவே அடக்கும்.

அப்புறம், பஞ்சுக் குச்சி வேண்டாம், அழுக்கை உள்ளேதான் தள்ளும். காதில் இரைச்சல் தினமும் வருவதால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே ஓடுங்கள்.