ஒரே நாளில் மூன்று ஷாத்தோ வேண்டாம்

கேள்வி: செப்டம்பரில் பாரிஸ் போகிறோம். நான், கணவர், பன்னிரண்டு வயது மகள், 68 வயது மாமியார். பாரிஸுக்கு ஒதுக்கியது போக மூன்று நாள் கையில் இருக்கிறது. கிராமப்புறத்தில் உள்ள பழைய கோட்டைகளையும் அவற்றின் தோட்டங்களையும் பார்க்க ஆசை. ஏஜென்ட் "ஒரே நாளில் மூன்று கோட்டை, பாரிஸிலிருந்தே பஸ்" என்கிறார். அங்கே கார் ஓட்ட எங்களுக்குத் தைரியம் இல்லை. மாமியாருக்கு மூட்டுவலி, அதோடு சுத்த சைவம். என்ன செய்யலாம்? (வாசகி, கோவை)

பதில்: அந்த பஸ்ஸை விட்டுவிடுங்கள். அவர் சொல்வது அநேகமாக லுவார் ஆற்றுப் பகுதியாக இருக்கும். பாரிஸிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். நடுவில் மூன்று இடங்கள் என்றால் ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த அவசரத்தில் எல்லோரும் கட்டடத்துக்குள் ஓடி, அரசரின் கட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வருவார்கள். தோட்டம் போய்விடும். நீங்கள் கேட்டதே தோட்டத்தையும் சேர்த்துத்தானே?

முதலில் ஒரு வார்த்தை. பிரெஞ்சில் "ஷாத்தோ" என்றால் அது கோட்டையாகவும் இருக்கலாம், அரண்மனையாகவும் இருக்கலாம், திராட்சைத் தோட்டத்து முதலாளியின் வீடாகவும் இருக்கலாம். லுவார் பக்கம் புகழ்பெற்றவற்றில் பெரும்பாலானவை பதினாறாம் நூற்றாண்டில், சண்டை ஓய்ந்த காலத்தில், சொகுசுக்காகக் கட்டியவை. கோபுரம் இருக்கும், அகழி இருக்கும், எல்லாம் அழகுக்குத்தான். உங்கள் கணவர் நிஜமான கோட்டை மதிலை எதிர்பார்த்தால் ஆன்ஷேக்குப் போக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை, 17 கோபுரங்கள், பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். உங்களிடம் இருக்கும் மூன்று நாளில் அதற்கு இடம் இல்லை என்பதுதான் என் எண்ணம்.

சரி, திட்டத்துக்கு வருவோம். லுவார் பகுதியில் உள்ள தூர் நகரத்தில் இரண்டு இரவு தங்குங்கள். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். சில ரயில்கள் தூருக்குள் வராமல் பக்கத்தில் சேன்-பியேர்-தே-கோர் என்ற நிலையத்தோடு நின்றுவிடும். பயப்பட வேண்டாம், அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் கொண்டு விட இணைப்பு ரயில் உண்டு. டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு "தப்பான ஊருக்குப் போட்டுவிட்டார்கள்" என்று பதறியவர்கள் நிறையப் பேர்.

முதல் நாள் ஷெனோன்சோ. கார் இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியான ஷாத்தோ கிடையாது. தூரிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம். இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டினால் நுழைவாயில். அங்கிருந்து இருபுறமும் பிளேன் மரங்கள் நிற்கும் நீண்ட சாலையில் நடந்தால் ஷேர் ஆற்றின் மேலேயே நிற்கும் மாளிகை தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: மதிய வேளையில் திரும்பும் ரயில்கள் குறைவு. ஒரு முறை நான் இரண்டு நிமிடத்தில் ரயிலைத் தவறவிட்டு, ஆள் அரவமே இல்லாத நடைமேடையில் மூன்று மணி நேரம் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் போகும் நேரத்தைப் பாருங்கள்.

ஷெனோன்சோவின் இரண்டு தோட்டங்களுக்கும் ஒரு குடும்பச் சண்டை உண்டு. அரசர் இரண்டாம் ஹென்றி இந்த மாளிகையைத் தன் காதலி தியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்தார். ஆற்றின் மேல் பாலம் கட்டியதும் பெரிய தோட்டத்தைப் போட்டதும் அந்த அம்மாள்தான். 1559இல் அரசர் இறந்ததும் பட்டத்து ராணி கேத்தரின் தெ மெடிசி செய்த முதல் வேலைகளில் ஒன்று, தியானை வெளியேற்றி, பதிலுக்கு ஷோமோன் மாளிகையைக் கையில் திணித்தது. பிறகு மாளிகைக்கு மறுபக்கம் தனக்கென ஒரு தோட்டம். சிறியதுதான். பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடனக்கூடத்தையும் எழுப்பினார். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவில் நின்று பார்த்தால் இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது போல எனக்குத் தோன்றும். தியானின் தோட்டம் ஆற்று வெள்ளம் ஏறாதபடி உயர்ந்த மேடை மேல் இருக்கிறது. அந்த மேடை விளிம்பில் நடந்துகொண்டே கீழே உள்ள கோலத்தைப் பார்க்கலாம்.

மாமியார் மாடி ஏற வேண்டியதில்லை. அந்த நீண்ட கூடம் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. முதல் உலகப் போரில் அதில் கட்டில் போட்டு, காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனை நடத்தினார்கள். இரண்டாம் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் ஷேர் ஆறுதான் எல்லை. அதாவது கூடத்தின் ஒரு கதவு இந்தப் பக்கம், மறு கதவு அந்தப் பக்கம். மகளுக்கு இதைச் சொல்லிவிட்டு அந்தக் கடைசிக் கதவு வரை நடக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் வில்லாந்திரி. மூன்று நாளில் ஒன்றே ஒன்று பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ரயிலில் போவது சிரமம். தூர் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் அரை நாளுக்கு மினிபஸ் ஏற்பாடு சொல்வார்கள். நால்வர் என்பதால் டாக்ஸியும் கட்டுப்படியாகலாம். இங்கே தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு, விலை குறைவு. மாமியாருக்கு அது போதும்.

இங்கே அவர் ரசிக்கப்போவது காய்கறித் தோட்டத்தை. ஒரே அளவில் ஒன்பது சதுரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு கோலம், ஓரத்தில் கணுக்கால் உயரத்துக்குக் கத்தரித்த புதர்வேலி. கோலத்துக்கு நிறம் கொடுப்பது பூ இல்லை, காய்கறி. நீலம் கலந்த பச்சைக்கு முட்டைக்கோஸ், கருஞ்சிவப்புக்கு பீட்ரூட் இலை, வெளிர்பச்சைக்கு கேரட் தழை. வருஷத்துக்கு இரண்டு முறை மொத்தத்தையும் மாற்றி நடுகிறார்கள், மண் சளைக்காமல் இருக்கப் பயிரைச் சதுரம் மாற்றிச் சுழற்றுகிறார்கள். நீங்கள் போகும் செப்டம்பரில் கோடை நடவு நன்றாக முற்றியிருக்கும்: பரங்கிக்காய் தரையில் உருண்டு கிடக்கும், மிளகாயும் கத்தரியும் காய்த்திருக்கும். மார்ச்சில் போனவர் பார்ப்பது பாதி வெறும் மண்.

ஆனால் நேராகக் காய்கறிச் சதுரத்துக்குள் இறங்கிவிடாதீர்கள். பிரெஞ்சு முறைத் தோட்டம் எதுவானாலும் மேலேயிருந்து, மாளிகையின் ஜன்னலிலிருந்தோ மாடத்திலிருந்தோ பார்ப்பதற்காகப் போட்டது. கீழே நிற்பவர் கண்ணுக்குப் புதர்தான் தெரியும், கோலம் தெரியாது. வில்லாந்திரியில் தோட்டம் படிப்படியாக மூன்று தட்டுகளில் இருப்பதால் நடுத்தட்டின் விளிம்பில் நின்றாலே காய்கறிச் சதுரங்கள் கண்ணில் விரியும். உங்கள் கணவரும் மகளும் மாளிகையின் உச்சி வரை ஏறட்டும். அங்கிருந்து "காதல் தோட்டம்" என்ற நான்கு சதுரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மென்மையான காதலுக்கு இதயங்கள், வெறிகொண்ட காதலுக்கு உடைந்த இதயங்கள், நிலையில்லாக் காதலுக்கு விசிறிகள், துயரக் காதலுக்குக் கத்திகள், எல்லாமே புதரில் வெட்டியவை. முதலில் மேலே, பிறகு கீழே இறங்கி நடை. இந்த வரிசை மாறினால் அனுபவம் பாதியாகிவிடும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வில்லாந்திரி மாளிகை 1530களில் முடிந்தது, தோட்டமோ அவ்வளவு பழையது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய அமைப்பை அழித்து ஆங்கிலப் பாணிப் பூங்காவாக்கிவிட்டார்கள். 1906இல் மாளிகையை வாங்கிய ஸ்பெயின்காரர் ஜோவாக்கிம் கார்வாயோவும் அவருடைய அமெரிக்க மனைவியும்தான் அந்தப் பூங்காவை எடுத்துவிட்டு, மறுமலர்ச்சிக் காலத் தோட்டம் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து மறுபடி உருவாக்கினார்கள். ஷாம்போர் மாளிகை முன்னால் இருக்கும் தோட்டமும் பழைய வரைபடத்தை வைத்து 2017இல் போட்டதுதான். செடிக்கு நானூறு வயசு ஆகாது, கோலத்துக்கு ஆகலாம்.

ஷாம்போரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. ஏஜென்ட் பட்டியலில் அது நிச்சயம் இருக்கும். 1519இல் முதலாம் பிரான்சுவா தொடங்கியது, ஒருவர் ஏறும்போது இறங்குபவரைச் சந்திக்காமலே போகக்கூடிய இரட்டைச் சுருள் படிக்கட்டு, 32 கிலோமீட்டர் சுற்றுமதில். பிரம்மாண்டம்தான். ஆனால் கட்டிய அரசரே தன் வாழ்நாளில் சில வாரங்கள்தான் அங்கே தங்கினார். மூட்டுவலிக்காரருக்கு அது நடையும் படியும்தான். இந்த முறை விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள் பாரிஸுக்குத் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து வோ-லெ-விகோந்த். பாரிஸிலேயே உள்ள "லியோன்" என்ற நிலையத்திலிருந்து மெலுன் வரை ரயில், பிறகு டாக்ஸி. லூயி XIVஇன் நிதி அமைச்சர் ஃபூக்கே கட்டியது. 1661 ஆகஸ்ட் 17 அன்று அரசரை அழைத்து விருந்து வைத்தார். மூன்றே வாரத்தில், செப்டம்பர் 5 அன்று, அவரைக் கைது செய்தார்கள். அந்தத் தோட்டத்தைப் போட்ட லெ நோத்ரையும், கட்டடக் கலைஞரையும், ஓவியரையும் அரசர் தன் வெர்சாய் அரண்மனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஃபூக்கே சிறையிலேயே செத்தார்.

மாளிகைப் படியில் நின்று பாருங்கள். தோட்டம் முழுக்கச் சமதரையாகவும், கோடியில் கல் குகைகள் குளத்தை ஒட்டியே இருப்பதாகவும் தோன்றும். நடக்க ஆரம்பித்தால் குகை நகர்ந்துகொண்டே போகும். கிட்டே போனதும் திடீரென்று குறுக்கே ஒரு பெரிய வாய்க்கால். குகை அதற்கு அப்பால், பள்ளத்தில். தொலைவில் இருப்பவற்றைப் பெரிதாகவும் கிட்டத்தில் இருப்பவற்றைச் சிறிதாகவும் அமைத்து லெ நோத்ர் கண்ணை ஏமாற்றுகிறார். இந்த ஏமாற்றத்துக்காகவே கோடி வரை போக வேண்டும், அது நீண்ட நடை. அங்கே பேட்டரி வண்டி வாடகைக்குக் கிடைக்கும். கணவர் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருக்கட்டும். மாளிகைக்கு அருகே புதரில் பூவேலை செய்திருந்த இரண்டு பாத்திகள் நோயிலும் பூச்சியிலும் வீணாகி, 2019இல் அந்த இடத்தில் அலுமினியப் பட்டைகளை விரித்தார்கள். படத்தில் பார்த்த பச்சையைத் தேடி ஏமாறாதீர்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். எல்லாத் தோட்டங்களிலும் பாதை சரளைக்கல்தான். மாமியாருக்கு அடிப்பாகம் தடித்த, பின்னால் மூடிய ஷூ வாங்கிக் கொடுங்கள், சாதாரணச் செருப்பில் ஒரு மணி நேரத்தில் பாதம் வலிக்கும். ஷெனோன்சோ, வில்லாந்திரி, வோ மூன்றும் தனியார் இடங்கள். ஷாம்போர், வெர்சாய் போன்ற சில அரசு இடங்களில் 2026 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் கூடுதல். வெர்சாய் ஆசை இருந்தால் திங்கட்கிழமை போகாதீர்கள், மாளிகை மூடியிருக்கும். சாப்பாட்டுக்கு, கிராமத்து உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்குமேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், சைவம் என்றால் ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட்தான் கிடைக்கும். பாரிஸில் லா ஷப்பெல் பகுதி முழுக்கத் தமிழ்க் கடைகள். ஊறுகாயும் அப்பளமும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தூரில் சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் காலையில் எலுமிச்சை சாதம் கட்டிவிடலாம். ஷெனோன்சோவில் வெளியே உட்கார்ந்து சாப்பிடத் தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள்.